பனிமலையில் குடிதண்ணீர்: கொதிக்க வைப்பதா, வடிகட்டுவதா, மாத்திரை போடுவதா?

உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறும் வழியில் ஜூடா கா தலாப் என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. உயரம் சுமார் 9,100 அடி. சங்க்ரி கிராமத்தில் காலையில் நடக்கத் தொடங்கினால் மதியத்துக்கு மேல் வந்து சேரலாம். டிசம்பர் கடைசியில் நாங்கள் போனபோது ஏரி உறைந்து கிடந்தது. முதல் இரவு அங்கேதான் டென்ட் போட்டோம். மறுநாள் காலை நண்பன் தன் முதுகுப்பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் சொருகி வைத்திருந்த தண்ணீர் ஃபில்ட்டரை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. ராத்திரி முழுக்க வெளியே இருந்ததில் உள்ளே தங்கியிருந்த தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது.

சட்டைக்குள் அரை மணி நேரம் வைத்திருந்தான். பனி இளகியது. ஓடைத் தண்ணீரைப் பையில் பிடித்து, ஃபில்ட்டரை மாட்டிப் பிழிந்தான். தண்ணீர் வந்தது. நேற்றைவிட லேசாகவே வந்தது. "ஒண்ணும் ஆகலடா, நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு அரை பாட்டில் குடித்தான். நேற்றைவிட லேசாக ஓடுகிறது என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம் என்று எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது.

சென்னை திரும்பிப் பத்து நாள் கழித்து அவனுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம், எண்ணெய் மிதப்பது போன்ற வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்று வந்தது. அந்த அரை பாட்டில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வழியில் டாபாக்களிலும் தண்ணீர் குடித்திருக்கிறோம். ஆனால் ஜியார்டியா உடம்புக்குள் போய் வேலையைக் காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளும், அந்தக் கணக்கு பொருந்தத்தான் செய்தது. அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலப் பயணத்துக்கு முன்பும் இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசித்து, சில முடிவுகளுக்கு வந்திருக்கிறேன்.

நம்மில் பலரும் மலையேறப் பழகியது மேற்குத் தொடர்ச்சி மலையில். அங்கே கையடக்க ஃபில்ட்டர்தான் ராஜா. எடை 100 கிராமுக்குப் பக்கம், ஓடையில் பிடித்த நிமிடமே குடிக்கலாம், எரிபொருள் வேண்டாம். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் ஜனவரி விடியற்காலையில் 0 டிகிரியைத் தொடும் என்றாலும், வெயில் வந்ததும் சரியாகிவிடும். அங்கே நன்றாக வேலை செய்த கருவியை அப்படியே இமயமலைக்கும் எடுத்துப் போகிறோம். கேதார்காந்தாவில் ராத்திரி மைனஸ் 8, மைனஸ் 10 என்பது சாதாரணம். லடாக்கில் உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் நடக்கும் சாதர் பயணத்தில் மைனஸ் 25-க்கும் கீழே போகும். அந்தக் குளிரில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஒவ்வொரு வழிமுறையும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் எது அதிகக் கிருமியைக் கொல்கிறது என்பதைவிட, எது பழுதானால் நமக்கு உடனே தெரியும் என்ற கேள்வியை வைத்துத்தான் நான் ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "இவ்வளவு குளிர்ல கிருமி எங்க இருக்கப் போகுது?" என்று பலரும் கேட்கிறார்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, பாதுகாக்கிறது என்றே சொல்லலாம். ஜியார்டியா கூடுகள், அதாவது கெட்டியான உறைக்குள் அடங்கிய ஜியார்டியா, குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாக்டீரியாக்களில் பலவும் உறைந்து இளகிய பிறகும் பிழைத்துக்கொள்ளும். கேதார்காந்தா போன்ற பிரபலமான பாதையில் குளிர்காலத்தில்தான் கூட்டம் அதிகம். சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளின் சாணம் பாதை நெடுக பனியோடு கலந்து கிடக்கும். முகாமுக்கு முகாம் கழிப்பறைக் குழிகள் உண்டு. புதுப் பனி எல்லாவற்றையும் மூடி வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி ஓடையில் நேராகக் கை வைத்துக் குடித்தார். அவர் பிறந்ததிலிருந்து குடிக்கும் தண்ணீர் அது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சரி, ஃபில்ட்டரிலிருந்தே தொடங்கலாம்.

சாயர், லைஃப்ஸ்ட்ரா போன்றவை எல்லாமே ஒரே தத்துவம். உருளைக்குள் சேமியா போல மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக மடக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் குழாய்ச் சுவர்களில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவில் துளைகள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜியார்டியா 8 மைக்ரானுக்கு மேல், கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ) என்ற இன்னொரு ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான், அதனால் இரண்டும் உள்ளே போக முடியாது. பாக்டீரியாவும் மாட்டிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். ஈரமாக இருக்கும் ஃபில்ட்டர் உறைந்தால் அந்த மெல்லிய சுவர்கள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளிவாகத்தான் வரும், ருசியும் மாறாது. விரிசல் வழியாகத் தடையில்லாமல் ஓடுவதால் சில சமயம் வேகமாகக்கூட வரும். வீட்டிலிருந்து புதிதாக எடுத்துப் போன, ஒரு முறைகூட நனையாத ஃபில்ட்டர் உறைந்தால் பிரச்சினை இல்லை. ஒரு முறை நனைந்துவிட்டால் எவ்வளவு உதறினாலும் உள்ளே ஈரம் இருக்கும். உறைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றுதான் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பீங்கான் ஃபில்ட்டருக்கும் இதே கதிதான்.

"உறையாமல் பார்த்துக்கொண்டால் போச்சு" என்பார்கள். செய்யலாம். பகலில் ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில், ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் கொண்டுபோக வேண்டும். ஆனால் நாள் முழுக்கப் பனியில் நடந்து, கை விரைத்து, சூப் குடித்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் ஒரே ஒரு ராத்திரி மறந்தால் போதும், கதை முடிந்தது. என் நண்பன் கவனக்குறைவான ஆள் இல்லை. ஐந்து வருடமாக அந்த ஃபில்ட்டரை வைத்திருந்தவன். ஒரு ராத்திரிதான் மறந்தான்.

இன்னொன்று, இந்தத் துளைகள் வைரஸைத் தடுக்காது. வைரஸ் 0.1 மைக்ரானைவிடச் சிறியது. நம் நாட்டில் மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் தண்ணீரில் பரவுபவை. மனிதர்கள் அதிகம் நடமாடும் பாதையில் இதை ஒதுக்க முடியாது. எம்எஸ்ஆர் கார்டியன் என்ற பம்பு ஃபில்ட்டர் வைரஸையும் பிடிக்கும், உறைந்தாலும் தாங்கும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் அதன் எடை அரைக் கிலோவுக்குப் பக்கம், விலையும் கையைக் கடிக்கும். பல வாரப் பயணம் போகிறவர்களுக்கு அது சரிவரலாம். நான்கைந்து நாள் நடைக்கு வேண்டாம் என்பேன்.

ஆகவே உறைபனிக் காலத்தில் ஃபில்ட்டரை முதன்மை முறையாக நம்பக் கூடாது. மற்ற எல்லாக் குறைகளையும் சமாளிக்கலாம், சத்தமில்லாமல் பழுதாகும் குறையைச் சமாளிக்க வழியில்லை.

புற ஊதா விளக்கு அடுத்தது. ஸ்டெரிபென் போன்ற பேனா வடிவக் கருவியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டு 90 வினாடி கலக்கினால் பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா, கிரிப்டோ எல்லாமே செயலிழக்கும். வேலை முடிந்ததா இல்லையா என்பதை விளக்கு காட்டிவிடும். பழுதானால் தெரிய வேண்டும் என்ற என் அளவுகோலில் இது தேறிவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைக்கும் வேலையும் இல்லை. ஆனால் பேட்டரி குளிருக்குப் பயப்படும். சாதாரண அல்கலைன் பேட்டரி மைனஸ் 10-ல் சீக்கிரம் சோர்ந்துவிடும். கருவிக்குள்ளேயே சார்ஜ் ஏற்றும் மாடல்களும் அப்படித்தான். தனியாகப் போடும் லித்தியம் பேட்டரி மட்டுமே கடுங்குளிரைத் தாங்கும். தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். பைன் ஊசியும் கரித்துகளும் மிதக்கும் பனித் தண்ணீரிலோ, பனித்துண்டு கலந்த தண்ணீரிலோ ஒளி எல்லா இடத்துக்கும் போகாது. துண்டுக்குள் இருக்கும் கிருமி பிறகு இளகி வெளியே வரும். கையுறையைக் கழற்றி, விரல் மரத்த நிலையில் கண்ணாடி விளக்கைக் கையாளுவதும் எளிதில்லை. கொண்டுபோகிறவர்களைத் தடுக்க மாட்டேன், நான் கொண்டுபோவதில்லை.

மாத்திரை விஷயத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது. குளோரின் மாத்திரை என்றால் ஒன்றல்ல, இரண்டு வகை. வெள்ளக் காலத்தில் வீடு வீடாகக் கொடுப்பார்களே, மருந்துக்கடையிலும் கிடைக்குமே, அது சாதாரணக் குளோரின் வகை. பாக்டீரியாவையும் வைரஸையும் நன்றாகக் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியத்தை ஒன்றும் செய்யாது. இன்னொன்று குளோரின் டை ஆக்சைடு மாத்திரை. மைக்ரோபியூர் எம்பி1 போன்ற பெயரில் வருவது. இது கிரிப்டோவையும் கொல்லும், ஆனால் அதற்கு 4 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது அட்டை. விலை கூடுதல், முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கி வைக்க வேண்டும். அயோடினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தைராய்டு பிரச்சினை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது, கிரிப்டோவையும் கொல்லாது.

இங்கே குளிர் செய்யும் வேலை, நேரத்தை இழுப்பது. மருந்து வேலை செய்யும் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. சாதாரணக் குளோரினில் ஜியார்டியாவைக் கொல்ல, தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி குறையும்போது காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அட்டையில் 30 நிமிடம் என்று போட்டிருப்பது நம் ஊர்க் குடத்துத் தண்ணீரை மனதில் வைத்து. பனிக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீர் 1 டிகிரி, 2 டிகிரியில் இருக்கும். அதில் மாத்திரை கரைவதற்கே நேரமாகும். 30 நிமிடத்தில் குடித்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அதுவும் வெளியே தெரியாது. ஆனால் ஃபில்ட்டருக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஃபில்ட்டர் உடைந்ததைக் கண்டுபிடிக்க நம்மிடம் எதுவும் இல்லை, மாத்திரைக்குக் கடிகாரம் இருக்கிறது. நான் பாட்டில் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, மாத்திரை போட்ட நேரத்தைப் பேனாவால் எழுதிவிடுவேன். மாலை 4 மணிக்குப் போட்டால் 8 மணிக்கு முன் யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம்.

மாத்திரை போடும்போது இரண்டு சின்ன விஷயங்கள். முதலில், தண்ணீரில் பனித்துண்டு எதுவும் மிதக்கக் கூடாது. முடிந்தால் கொஞ்சம் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக்கி, பாட்டிலை ஜாக்கெட்டுக்குள்ளோ ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளோ வைத்துவிடுங்கள். பிறகு, மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மருந்துத் தண்ணீர் மூடியின் மரை வழியாகக் கசியும்படி விடுங்கள். ஓடையில் முக்கி எடுத்தபோது மரையில் ஒட்டிய சொட்டுகளில் கிருமி அப்படியே இருக்கும், வாய் வைப்பது அங்கேதான்.

இனி கொதிக்க வைப்பது. என் முடிவில் குளிர்காலத்துக்கு இதுதான் முதுகெலும்பு. இதன் செலவையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

முதலில் உயரத்தைப் பற்றிய பயம். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 11,000 அடி முகாமில் சுமார் 89 டிகிரி, 12,500 அடியில் இருக்கும் கேதார்காந்தா உச்சியில் 87-க்குப் பக்கம். பருப்பு வேகாது, டீ சப்பென்று இருக்கும். ஆனால் குடிதண்ணீருக்கு அந்தச் சூடு தாராளம். வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் 70 டிகிரியைத் தாண்டியதுமே வேகமாகச் சாகத் தொடங்கிவிடும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடமும், 6,500 அடிக்கு மேல் 3 நிமிடமும் கொதிக்க விடச் சொல்கிறது. சங்க்ரியே கிட்டத்தட்ட அந்த உயரம், அதற்கு மேல் எல்லா முகாமுக்கும் 3 நிமிடக் கணக்குதான். மூடி போட்டுக் கொதிக்க விட்டால் இதற்காகும் கூடுதல் கேஸ் கொஞ்சம்தான்.

நிஜமான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது இங்கே கண்முன் வந்து நிற்கும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டுமே, அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கும் அளவுக்கு வெப்பம் தேவை. அதாவது ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிடப் பனியை உருக்கிக் கொதிக்க வைக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு கேஸ் போகும். அடுப்பின் வெப்பத்தில் பாதி காற்றோடு போகிறது என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கில், ஒரு லிட்டர் ஓடைத் தண்ணீருக்குச் சுமார் 16 கிராம் கேஸ், பனியிலிருந்து ஒரு லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல். 230 கிராம் கேன் ஒன்றில் ஓடைத் தண்ணீர் என்றால் 14 லிட்டர், பனி என்றால் 7 லிட்டர். காற்று அடித்தால் இதுவும் குறையும். ஆளுக்கு நாளைக்கு 3, 4 லிட்டர் குடிக்க வேண்டும், சமையல் தனி. இரண்டு பேர் பனியை மட்டும் நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு கேனுக்கு மேல் ஆகிவிடும்.

அதனால் ஓடும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடையின் மேல் பனி மூடியிருந்தாலும் அடியில் ஓடும். ஜூடா கா தலாப் பக்கத்தில் எங்கள் வழிகாட்டி தடியால் நாலு இடம் தட்டிப் பார்த்து, சத்தம் மாறிய இடத்தில் பனியை உடைத்தார். கீழே தண்ணீர் சலசலத்தது. அதற்காக 200 அடி கீழே இறங்கி ஏற வேண்டியிருந்தது. கேஸை மிச்சம் பிடிக்க அந்த நடை லாபம்தான். சாதரில் இன்னும் எளிது, ஆற்றின் மேலேதான் நடை. பனித்தகடு விலகிய இடத்தில் ஜான்ஸ்கர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விளிம்பு எப்போது உடையும் என்று தெரியாது, உள்ளூர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் மொள்ள வேண்டும்.

பனியை உருக்குவதிலும் ஒரு பக்குவம் உண்டு. வெறும் பாத்திரத்தில் பனியை அள்ளிப் போட்டு அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால், அடியில் உருகும் தண்ணீரை மேலே இருக்கும் பனி பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். அடி காய்ந்து, பாத்திரம் தீய்ந்து, தண்ணீரே அடிப்பிடித்த வாசம் அடிக்கும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது சூடானதும் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஆகவே பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்யக் கூடாது, ஒரு டம்ளர் எப்போதும் மிச்சம் இருக்கட்டும். புதிதாகப் பெய்த பனி பூப்போல இருக்கும். பத்துப் பாத்திரம் அள்ளினால் ஒரு பாத்திரம் தண்ணீர் தேறும். கெட்டிப்பட்ட பழைய பனியோ பனிக்கட்டியோ கிடைத்தால் அதுதான் உத்தமம். முகாமிலிருந்து தள்ளி, பாதைக்கு மேல்பக்கமாகப் போய் மேல் பரப்பை ஒதுக்கிவிட்டு அள்ள வேண்டும். மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் தொடாதீர்கள். இளஞ்சிவப்பு, பனியில் வளரும் ஒருவகைப் பாசி.

கேஸ் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீள டப்பாவில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேனுக்கு இந்த எல்லை மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. உயரத்தில் இந்த எண்கள் இன்னும் சில டிகிரி இறங்கும் என்றாலும், அடுப்பு எரிய எரிய கேனே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், கிடைத்த லாபம் அதில் போய்விடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, மரை வைத்த குட்டையான கேன்தான் வேண்டும். அதிலும் புரொப்பேன் முதலில் எரிந்து தீர்ந்துவிடும். கேன் பாதிக்குக் கீழே போனதும் தீ சுருங்குவது அதனால்தான். ராத்திரி கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்திருங்கள். எரியும்போது அகலமான தட்டில் ஓடைத் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் 1 டிகிரியில் இருந்தாலும் மைனஸில் இருக்கும் கேனுக்கு அது சூடுதான். தீயருகே காட்டிச் சூடாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். விமானத்திலோ ரயிலிலோ கேனைக் கொண்டுபோக முடியாது. டேராடூனிலோ லே நகரிலோ இறங்கி வாங்க வேண்டும், அதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். மைனஸ் 20-க்குக் கீழே கேஸை நம்புவதே கஷ்டம். சாதரில் சமையல்காரர்கள் மண்ணெண்ணெய் பம்பு அடுப்பு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எந்த அடுப்பானாலும் மூடிய டென்டுக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்தால்கூட உயரத்தால் வந்தது என்று நினைத்துப் படுத்துவிடுவோம். இதில் உயிர் போயிருக்கிறது. டென்ட்டுக்கு வெளியே, காற்றுக்கு மறைப்பு வைத்து, குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று உட்கார வேண்டியதுதான்.

இவ்வளவு செலவும் சிரமமும் இருந்தும் ஏன் கொதிக்க வைப்பதையே முதலில் வைக்கிறேன்? தண்ணீர் கொதிக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். கேஸ் தீர்ந்தால் தீ அணையும். பாதி கொன்றேன், மீதி கொல்லவில்லை என்று அது மறைக்காது. வைரஸ், பாக்டீரியா, கிரிப்டோ என்று தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை. பனியை எப்படியும் உருக்கத்தான் வேண்டும், டீயும் சூப்பும் எப்படியும் வைக்கத்தான் வேண்டும், அடுப்பு எப்படியும் பையில் இருக்கிறது. தவிர, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் யாருக்கும் இறங்காது. குளிரில் தாகம் தெரியாது, மூச்சில் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். வெந்நீராக இருந்தால்தான் 3 லிட்டரையாவது குடித்து முடிப்போம்.

ஏற்பாட்டுக் குழுவோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கேனில் வெந்நீர் கொடுப்பார்கள். வெந்நீர் என்பதும் கொதித்த தண்ணீர் என்பதும் ஒன்றல்ல. முப்பது பேருக்குப் பெரிய பாத்திரத்தில் வைக்கும்போது, கை பொறுக்கும் சூடு வந்ததும் இறக்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சமையல்காரரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, அவருக்கும் எரிபொருள் அளந்துதான் கொடுக்கப்படுகிறது. "பையா, நல்லா கொதிச்சுதா?" என்று தெரிந்த இந்தியில் கேட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்தச் சூட்டிலேயே பாட்டிலில் பிடித்து, கொஞ்சம் ஆறியதும் மாத்திரை போட்டுவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் மாத்திரை தன் முழு வேகத்தில் வேலை செய்யும். குழுப் பயணத்துக்கு இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தெரியாது.

தனியாகச் சுமந்து போகும் எங்கள் இருவருக்கும் இப்போது ஒரு வழக்கம் படிந்துவிட்டது. முகாமுக்கு வந்ததும், உடம்புச் சூடு இறங்குவதற்குள், வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் வேலை. மறுநாள் நடைக்குத் தேவையான முழுத் தண்ணீரையும் அன்று மாலையே கொதிக்க வைத்துவிடுவோம். காலையில் கேஸ் கேன் விரைத்துக் கிடக்கும், கிளம்பும் அவசரம் வேறு. கொதித்த தண்ணீரை அகல வாய் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, கம்பளிச் சாக்ஸில் நுழைத்து ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் போட்டுக்கொள்வோம். விடியும்வரை கால் சூடாக இருக்கும், காலையில் தண்ணீர் உறையாமல் இருக்கும். இடமில்லாமல் மிஞ்சும் பாட்டிலைத் தலைகீழாக, ஓரடி ஆழத்தில் பனிக்குள் புதைத்து அடையாளத்துக்குக் குச்சி நட்டு வைப்போம். பனி கம்பளி மாதிரி, வெளிக்காற்றின் குளிர் உள்ளே அவ்வளவு இறங்காது. பாட்டிலில் மேல்பக்கம்தான் முதலில் உறையும். கவிழ்த்து வைத்தால் உறைவது அடிப்பாகம், வாய் திறக்க வரும். முதுகில் மாட்டி, குழாய் வழியாக உறிஞ்சும் தண்ணீர்ப் பையை வீட்டிலேயே விட்டுவிடலாம். முதல் அரை மணி நேரத்திலேயே குழாய் அடைத்துக்கொள்ளும்.

மாத்திரை அட்டை ஒன்று சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். அடுப்பு கெட்டால், கேஸ் தீர்ந்தால், நடுவழியில் தண்ணீர் தீர்ந்தால் அதுதான் கைகொடுக்கும். எதுவுமே இல்லாத நிலை வந்தால்? முகாமுக்குக் கீழே ஓடும் ஓடையைவிட, ஆள் நடமாட்டமில்லாத சரிவில் அள்ளிய புதுப் பனியைப் பாட்டிலில் அடைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்து உருக்கிக் குடிப்பது ஆபத்துக் குறைவு. பனியை அப்படியே வாயில் போட்டுத் தின்ன வேண்டாம், அதை உருக்கும் வெப்பம் நம் உடம்பிலிருந்துதான் போகும்.

நண்பன் குணமான பிறகு புது ஃபில்ட்டர் ஒன்று வாங்கினான். அதை இன்னும் எல்லாப் பயணத்துக்கும் எடுத்து வருகிறான், நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. போன தடவை நேட்வார் பக்கத்தில் ரூபினும் சூபினும் கலந்து டோன்ஸ் ஆறாகும் இடத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். வெயில் நன்றாக இருந்தது. ஃபில்ட்டரை அங்கே பயன்படுத்தினான். சங்க்ரி வந்ததும் தங்கிய வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, கேஸ் கேன் இரண்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம்.